அங்கன இருந்தவர்கள்

சின்னமனூரில் கருத்தக்கண்ணன் அண்ணனுக்குத் தெரியாத முகமே கிடையாது என்பார்கள். அவருக்குத் தெரிந்த முகங்களில் பாதி இறந்துபோனவர்களுடையவை என்பதை யாரும் சொல்வதில்லை.

மெயின் ரோட்டிலிருந்து மார்க்கெட்டுக்குத் திரும்பும் சந்தில் அவர் கடை. சுருளி கிராபிக்ஸ் என்று பெயர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி, நினைவஞ்சலி. ஒருவர் பிறந்த செய்தியைத் தவிர மற்றதையெல்லாம் அவர்தான் அச்சுக்குத் தயார்செய்து கொடுத்தார். அதே கட்டடத்தின் மாடியில் ஒரு டுடோரியலில் நான் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில்லாத நேரங்களில் கீழே இறங்கி வந்து, அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகைகளில் பிழை பார்ப்பேன். பேசச் சிரமப்படுகிறவனுக்கு நல்ல இடம் அது. வருகிறவர்கள் எல்லோரும் அவரிடம்தான் பேசுவார்கள்.

சில சமயம் அஞ்சலி நோட்டீசுக்கு நாலு வரி கேட்பார். நான் எழுதித் தருவதைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிப்பார். ஒருமுறை சொன்னார்.

"நல்லாத்தேன் இருக்கு தம்பி. ஆனா புரிஞ்சு அழணும். யோசிச்சு அழக்கூடாது."

பிறகு வழக்கமாகப் போடும் வரிகளையே போட்டுக்கொண்டார். அவர் சொன்னதை நான் இன்றுவரை மறுக்க முடியாமல் இருக்கிறேன்.

படங்களில்தான் அவருடைய உயிர் இருந்தது. இறந்தவரின் படம் என்று வீட்டிலிருந்து கொண்டுவருவது பெரும்பாலும் ரேஷன் கார்டிலிருந்தோ யாரோ ஒருவர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்த படத்திலிருந்தோ வெட்டியதாக இருக்கும். அதை ஸ்கேன் செய்து, மூக்கு திரையில் முட்டுகிற மாதிரி உட்கார்ந்து, முகம் சதுரம் சதுரமாகப் பிரிகிற வரை பெரிதாக்குவார். கீறலை அடைப்பார், கறையை எடுப்பார், நிறத்தைக் கொஞ்சம் கூட்டுவார். கழுத்துக்குக் கீழே ஒரு வெள்ளைச் சட்டையை வைப்பார். அந்தச் சட்டை அவருடையது. ஒரு தீபாவளிக்குத் தன்னையே படமெடுத்து, தலையை மட்டும் நீக்கி வைத்திருந்தார். எங்கள் பக்கத்துச் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்த ஆண்கள் எல்லோரும் கருத்தக்கண்ணன் அண்ணனின் தோள்களோடுதான் இருந்தார்கள்.

கடை தொடங்கிய புதிதில் எல்லா வேலையும் கம்ப்யூட்டரில் ஒரே இடத்தில்தான் கிடந்தது. ஒருநாள் வெற்றிலை பாக்கு, மஞ்சளோடு பத்திரிகை அடிக்க ஒரு பெண்ணின் தகப்பனார் வந்தார். மாதிரி காட்டுவதற்காக இவர் ஃபைலைத் திறக்க, திரை முழுக்க ஒரு கிழவர் மாலையோடு வந்து நின்றார். பெண்ணைப் பெற்றவர் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

அன்றோடு கருத்தக்கண்ணன் அண்ணன் கம்ப்யூட்டரை இரண்டாகப் பிரித்துவிட்டார். அதில் ஏற்கெனவே சி என்றும் டி என்றும் இரண்டு பகுதிகள் இருந்தன. நல்ல காரியங்கள் எல்லாம் டி-யில், 'மங்களம்' என்ற பெயரில். துக்க காரியங்கள் சி-யில். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று ரொம்ப யோசித்திருக்கிறார். கல்யாண வீட்டார் எதிரில் வாய்விட்டுச் சொல்கிற மாதிரி இருக்க வேண்டும். கடைசியில், 'அங்கே' என்பதற்கு எங்கள் பக்கம் சொல்கிற 'அங்கன' என்பதையே வைத்தார். "அந்தப் பெரியவரு படம் எங்கண்ணே?" என்று பிரஸ்காரர் வந்து கேட்டால், "அங்கன இருக்கு" என்பார். எதிரில் உட்கார்ந்திருக்கும் சம்பந்திகளுக்கு ஒன்றும் தெரியாது. சி-யில் வேலை முடிந்ததும் எழுந்துபோய்க் குழாயடியில் கை கழுவிவிட்டு, மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணியால் கீபோர்டைத் துடைப்பார். அதன் எழுத்துகள் எல்லாம் மஞ்சள் பூத்திருந்தன.

சுருளியாண்டி அங்கன போய்ச் சேர்ந்தது இரண்டாயிரத்து மூன்றில். மார்க்கையன்கோட்டைக்காரர். கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பின் டிரைவர். கம்பம்மெட்டு வளைவில் வண்டி கவிழ்ந்ததில் ஆட்களெல்லாம் சிராய்ப்போடு பிழைத்தார்கள், இவர் மட்டும் போய்விட்டார். வீட்டில் ஒரு படம்கூட இல்லை. முனீஸ்வரியை அவர் கல்யாணம் செய்தது இரண்டு வீட்டுக்கும் பிடிக்காமல், சுருளி அருவிப் பக்கம் கோயிலில் வைத்துத் தாலி கட்டி. ஜீப் ஸ்டாண்டில் எடுத்த ஆயுத பூசைப் படத்திலும் பின்வரிசையில் யாருடனோ பேசத் திரும்பியிருந்தார். சட்டைப் பையில் இருந்த டிரைவிங் லைசென்சைத்தான் ஸ்டாண்டு ஆட்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஸ்கேன் செய்ததும் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். லைசென்ஸ் இல்லாமல் அவர் வண்டியில் ஏறியதே கிடையாதாம். அதனால் அதை அவர் பையிலேயே திரும்பவும் வைத்து எரித்துவிட்டார்கள்.

முனீஸ்வரி அப்போது மாசமாக இருந்தது. மாலை போட்ட படத்தை வயிற்றுப்பிள்ளைக்காரி பார்க்கக்கூடாது என்று பெரியவர்கள் வீட்டில் படம் மாட்ட விடவில்லை. காரியம் முடிந்த கொஞ்ச நாளில் முனீஸ்வரி தானாகவே கடைக்கு வந்தது. வாசலில் நின்றபடி, படத்தை எடுத்துத் தரவேண்டாம், இருக்கிறதா என்று மட்டும் சொன்னால் போதும் என்றது.

"இருக்கு ஆத்தா. எங்கிட்ட இருக்கிறது எங்கயும் போகாது. நீ புள்ளயப் பெத்து, அது வெவரம் தெரிஞ்சு கேக்கும்போது வா. பெருசாப் போட்டுத் தாரேன்."

பெண் பிறந்தது. தேவயானி என்று பெயர். முனீஸ்வரி திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போய்வந்தது. சாயங்காலம் வேலையாட்கள் வண்டியில் எங்கள் சந்தைத் தாண்டும்போது எட்டிப் பார்த்துக் கேட்கும்: "இருக்குல்லண்ணே?" இவர் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கையை உயர்த்துவார். இருக்கிறது.

பென் டிரைவ் வந்த பிறகு எல்லாம் மாறியது. கோயம்புத்தூரில் படிக்கிற பிள்ளைகள், வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் எல்லாம் படத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்கள். கருத்தக்கண்ணன் அண்ணனின் கம்ப்யூட்டரில் இருந்தது தொண்ணூற்றெட்டாம் வருடத்து விண்டோஸ். ஒவ்வொரு பென் டிரைவையும் அதற்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டியிருந்தது. சிலவற்றை எவ்வளவு சொல்லியும் அது ஏற்றுக்கொள்ளவில்லை. தேனியில் ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர்களும் புது மாதிரி ஃபைலாகக் கேட்டார்கள். ஓடுகிற வண்டி ஓடட்டும் என்று ஒரு வருடம் தள்ளிப் பார்த்தார். பிறகு தேனியிலிருந்து சுரேஷ்கண்ணனை வரச் சொன்னார். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற பையன். தோளில் சிடி பை, வாயில் பாட்டு.

சுரேஷ்கண்ணன் பார்த்துவிட்டு, இதற்கு மேலேயே புதியதை ஏற்றினால் பழைய சீக்கும் கூடவே வரும் என்றான்.

"வழிச்சு எறிஞ்சிட்டுப் புதுசாப் போட்டுருவோம்ணே. எக்ஸ்பி. சுத்தமா இருக்கும்."

சுத்தம் என்ற சொல் அவருக்குப் பிடித்துவிட்டது. நல்ல நாளாகப் பார்த்து வரச்சொன்னார். அங்கேதான் தவறு நடந்தது. நல்ல நாள் என்றால் மற்றவர்களுக்கும் நல்ல நாள்தானே.

நடந்ததை அவரே பிறகு எனக்குச் சொன்னார். சுரேஷ்கண்ணன் வந்து சிடியைப் போட்டு உட்கார்ந்த நேரம் குச்சனூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்து இறங்கினார்கள். தட்டில் மஞ்சள், குங்குமம், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளில் பத்திரிகை வாசகம். மாப்பிள்ளையின் அப்பா தட்டை நீட்ட, இவர் எழுந்து இரண்டு கையாலும் வாங்கப் போனார். அந்த நொடியில்தான் சுரேஷ்கண்ணன் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டான், சி மொத்தமும் அழிந்துவிடும், அதில் எடுத்து வைக்கவேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று.

இருக்கிறது. ஊரில் செத்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அதை அந்தத் தட்டுக்கு நேராக எப்படிச் சொல்வது?

"நம்ம வேலையெல்லாம் டி-லதேன் தம்பி" என்றார்.

இவர்களை அனுப்பிவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். வெள்ளையடிக்க வருகிறவன் முதலில் சாமான்களை ஒதுக்குவான், தூசி தட்டுவான், டீ குடிப்பான், அப்புறம்தானே மட்டையைத் தொடுவான் என்பது அவர் கணக்கு. வந்தவர்களோ போகிற மாதிரி இல்லை. பத்திரிகையில் தாய்மாமன்கள் பெயரில் யார் பெயர் முதலில் வருவது என்று அங்கேயே தகராறு. வயதில் மூத்தவர் ஒருவர், சீர் செய்முறையில் மூத்தவர் இன்னொருவர். இரண்டு பெயரையும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே வரியில் போடலாம் என்று இவர் வழி சொல்லி, அதற்கும் இடதா வலதா என்று ஒரு சுற்றுப் பேசி முடிந்து திரும்பினார்.

நான் மாடியிலிருந்து இறங்கி வந்தது அப்போதுதான். திரை நீலமாக இருந்தது. நடுவில் ஒரு மஞ்சள் பட்டை மெல்ல வலப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. கருத்தக்கண்ணன் அண்ணன் அதையே பார்த்தபடி நின்றிருந்தார். கையில் தட்டு அப்படியே இருந்தது.

"சுரேஷு" என்றார், ரொம்ப மெதுவாக. "அங்கன..."

"எங்கனண்ணே?"

இவர் வாசலைப் பார்த்தார். குச்சனூர்க்காரர்கள் இன்னும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானத்துக்குள் எக்ஸ்பி வந்துவிட்டது. திரையில் பச்சைக் குன்றும் நீல வானமும். சுரேஷ்கண்ணனே ஒரு பென் டிரைவைச் செருகிக் காட்ட, கேட்காமலே அது திறந்துகொண்டது. எல்லாம் வேகமாக இருந்தது. புதுப் பொண்ணு மாதிரி இருக்கிறது என்று சுரேஷ்கண்ணன் சிரித்தான். அப்புறம்தான் இவர் விஷயத்தைச் சொன்னார். அவன் முகம் மாறிவிட்டது. முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டான். குச்சனூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சைக் கண்ணால் காட்டினார் இவர். சுரேஷ்கண்ணனும் இந்தப் பக்கத்துக்காரன்தான். அதற்கு மேல் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

அழிந்ததை மீட்கும் மென்பொருள் இருக்கிறது என்று டிஸ்க்கைக் கழற்றித் தேனிக்கு எடுத்துப்போனான். கொஞ்ச நாள் கழித்து ஒரு சிடியோடு வந்தான். அதில் இருந்த எதற்கும் பெயரில்லை. வெறும் எண்கள். ஒவ்வொன்றாகத் திறந்தார். பாதி திறக்கவே இல்லை. திறந்தவற்றில் ஒரு நெற்றி இருக்கும், ஒரு தலைப்பாகை இருக்கும், அதற்குக் கீழே ஒரே சாம்பல். ஒரு கிழவிக்கு இடது கண் மட்டும் மிச்சமிருந்தது. இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று குழாயடிக்குப் போகவும் இல்லை, கை கழுவவும் இல்லை.

மற்றவர்கள் விஷயத்தில் பெரிய சிக்கல் வரவில்லை. வருடம் திரும்பி நினைவஞ்சலிக்கு வருகிறவர்களிடம், புது மிஷின் வந்திருக்கிறது, இன்னும் தெளிவான படமாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் மாட்டிய படத்தையே கழற்றிக் கொண்டுவந்தார்கள். முனீஸ்வரிக்கு மட்டும் கழற்றிக் கொண்டுவரச் சுவரில் ஒன்றும் கிடையாது.

அதனால் சுவர்களைத் தேடிப் போனார். பிரஸ்ஸில் பிளேட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள், ஒரு நோட்டீஸ்கூட மிச்சமில்லை. ஒட்டியதில் ஒன்றாவது எங்காவது இருக்காதா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் டிவிஎஸ் ஐம்பதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மார்க்கையன்கோட்டை, உத்தமபாளையம், கம்பம். அந்த வருடம் தேர்தல் வந்திருந்தது, பாதிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். மீதிச் சுவர்களில் ஒருவர் மேல் ஒருவராக ஒட்டி, மழை ஊறி, அட்டை மாதிரி கனத்துக் கிடந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்ப்பார். அடியிலிருந்து வேறு யாராவது வருவார்கள்.

ஒரு ஞாயிறு என்னையும் கூப்பிட்டார். கம்பத்தில் ஜீப் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டீக்கடையின் தகரத்தில், வெயில் படாத பக்கம், சுருளியாண்டியின் நோட்டீஸ் இருந்தது. பெயர் தெளிவாகத் தெரிந்தது. வெள்ளைச் சட்டை, இரண்டு தோள், மேல் பொத்தான் வரை கசங்காமல் இருந்தது. அதற்கு மேலே தகரம்தான். யாரோ சாய்ந்து சாய்ந்து முகத்தைத் தேய்த்துவிட்டிருந்தார்கள். இவர் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். டீ ஆற்றிக்கொண்டிருந்தவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"யாருண்ணே, சொந்தமா?"

"நாந்தேன்" என்றார்.

டீக்கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னது உண்மை என்பது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகும் சாயங்காலங்களில் வேலையாட்கள் வண்டி எங்கள் சந்தைத் தாண்டிப் போயிற்று. முனீஸ்வரி எட்டிப் பார்த்து, "இருக்குல்லண்ணே?" என்று கேட்டது. முதல் நாள் இவர் கை தானாக உயர்ந்துவிட்டது. ஒருமுறை உயர்த்திய பிறகு மறுநாள் உயர்த்தாமல் இருப்பது எப்படி? அப்படியே இரண்டு வருடம் ஓடியது. வண்டிச் சத்தம் கேட்டதும் ஏதாவது எடுப்பது போல மேஜைக்கு அடியில் குனியத் தொடங்கியிருந்தார்.

தேவயானிக்குப் பள்ளிக்கூடம் திறந்த வாரம், முனீஸ்வரி பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தது. இந்த முறை வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து பெஞ்சில் என் பக்கத்தில் பிள்ளையை உட்காரவைத்தது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அப்பா பற்றிச் சொன்னார்களாம். இவள் வீட்டுக்கு வந்து கேட்டிருக்கிறாள்.

"பெருசாப் போட்டுத் தாரேன்னு சொன்னீகல்லண்ணே. அதேன் கூட்டியாந்தேன்."

கருத்தக்கண்ணன் அண்ணன் எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். பிறகு எதையும் மறைக்காமல், குச்சனூர்க்காரர்கள் தட்டோடு வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டு போனார். கடைசியாக, "வெறும் கையத்தேன் தூக்கிக்கிட்டு இருந்தேன் ஆத்தா, இத்தன நாளும்" என்றார்.

முனீஸ்வரி கத்தவில்லை. எங்கயும் போகாது என்று சொன்னது நீங்கள்தானே என்று மட்டும் கேட்டது.

தேனி சிடியை எடுத்துப் போட்டார். அந்த நெற்றிகளில் இதுவாக இருக்குமோ என்று அவர் ஒன்றைச் சந்தேகப்பட்டு வைத்திருந்தார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய முடி, பாதி நெற்றி, ஒரு புருவத்தின் மேல்கோடு. திறந்த உடனே முனீஸ்வரி, "அவருதேன்" என்றது. கொஞ்சமும் யோசிக்கவில்லை.

பிள்ளை திரைக்குப் பக்கத்தில் போய் நின்று சாம்பல் பரப்பைப் பார்த்தது.

"கீழ எங்கம்மா?"

பிரிண்ட் போட்டுத் தரவா என்று இவர் கேட்டார். வேண்டாம், பிள்ளை ராத்திரியில் பயப்படும் என்றது முனீஸ்வரி. பிறகு ஏதோ முடிவுசெய்தது போல அவர் பக்கம் திரும்பியது.

"அம்புட்டு நேரம் அந்த மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தீகளேண்ணே அன்னைக்கி. ஸ்டாண்டுக்காரக சொன்னாக, பக்கத்துல வச்சுப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தீகன்னு. எனக்கு நெனப்பு இருக்கு. ஆனா நான் சொன்னா இவ கத சொல்றேங்குறா. எப்படி இருந்தாருன்னு நீங்க சொல்லுங்க, இவளுக்கு."

கருத்தக்கண்ணன் அண்ணன் பிள்ளையைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். நல்ல செவப்பு என்றார். சிரித்த முகம் என்றார். வெள்ளைச் சட்டை, தும்பைப்பூ மாதிரி.

"அவரு கருப்புண்ணே" என்றது முனீஸ்வரி. "லைசென்சுல சிரிக்கவும் மாட்டாரு."

கண்ணைத் திறந்து மறுபடி மூடினார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. நிறத்தைக் கூட்டியது அவர். உதட்டோரத்தை ஒரு இழை மேலே இழுத்துவிட்டது அவர். சட்டை அவருடையது. தான் செய்ததெல்லாம் ஞாபகம் இருந்தது. செய்வதற்கு முன்னால் இருந்த முகம்தான் வரவில்லை.

"ஒதட்டுக்குக் கீழ மச்சம் இருக்குமே, அதாச்சும் நெனப்பு இருக்கா?" என்றது முனீஸ்வரி.

அவருக்கு இருந்தது. மச்சமாக அல்ல. லைசென்சின் லேமினேஷனுக்குள் சிக்கிய தூசியாக. ஒரு சொடுக்கில் அதைத் துடைத்துப் போட்டதும், பளிச்சென்று வந்துவிட்டது என்று ஸ்டாண்டு ஆட்களிடம் சொன்னதும்கூட ஞாபகம் இருந்தது. அதை முனீஸ்வரியிடம் சொன்னார்.

முனீஸ்வரி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தது. வாசல் வரை போய் நின்று, பழக்கத்தில் எதையோ கேட்க வருவதுபோல் திரும்பியது. ஒன்றும் கேட்காமல் படியிறங்கிப் போனது. சாயங்கால வண்டி அதற்குப் பிறகும் சந்தைத் தாண்டிப் போகிறது. முனீஸ்வரி எட்டிப் பார்ப்பதில்லை.

இப்போது கருத்தக்கண்ணன் அண்ணன் கடையில் மங்களமும் அங்கனவும் ஒன்றாகத்தான் இருக்கின்றன, டி-யில், ஒன்றின் கீழ் ஒன்றாக. அது தெரிந்த இரண்டொரு கல்யாண வீட்டார் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும் என்றார். இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. சென்ற வாரம் ஓடைப்பட்டியிலிருந்து இரண்டு அண்ணன் தம்பிகள் தகப்பனார் படத்தோடு வந்தார்கள். நோட்டீஸ் சீக்கிரம் வேண்டும், உடலை எடுப்பதற்குள் ஒட்டியாக வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். இவர் முகத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனவர் கன்னத்தில் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இங்கன ஒரு புள்ளி இருக்கே. இது மச்சமா, தூசியா?"

மச்சம் என்றான் அண்ணன். அப்பாவுக்கு ஏது மச்சம், தூசிதான் என்றான் தம்பி. தினமும் பார்த்த முகம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெஞ்சில் ஒரு கல்யாண வீட்டார் தட்டை மடியில் வைத்தபடி காத்திருந்தார்கள்.

"அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுங்க" என்றார் கருத்தக்கண்ணன் அண்ணன்.

தம்பி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். அந்தப் பக்கம் அழுகைச் சத்தத்துக்கு நடுவில் யாரையோ கூப்பிட்டுக் கேட்டுச் சொல்ல நேரமாகியது. அதுவரை மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவர் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.